பணம் கட்டும் பட்டனில் விரல் ஏன் நின்றுவிடுகிறது?

என் அத்தை மாதா மாதம் ஏலச்சீட்டு கட்டுகிறார். 20 பேர், 20 மாதம், ஒரு லட்ச ரூபாய்ச் சீட்டு. முன்பெல்லாம் ஒருவர் வீட்டுக்கே வந்து பணத்தை வாங்கிக்கொண்டு பாஸ்புக்கில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போவார். அப்புறம் ஆப் வந்தது. அந்த ஆப்பின் திரைகளை வரைந்தவர்களில் நானும் ஒருவன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த மாதத் தவணையைக் கட்டினார். எல்லாம் சரியாகத்தான் போனது, கடைசிப் பட்டன் வரை. அதில் "சமர்ப்பி" என்று இருந்தது. விரல் பட்டனுக்கு மேலே அப்படியே நின்றுவிட்டது. "டேய், இத அமுக்குனா எவ்வளவு போகும்?" என்று கேட்டார். தொகை அதே திரையில்தான் இருந்தது, மேலே ஒரு மூலையில், சாம்பல் நிறத்தில், பொடி எழுத்தில்.

அத்தைக்கு நன்றாகப் படிக்கத் தெரியும். சீட்டில் எந்த மாதம் எவ்வளவு கழிவு (தவணையில் குறைகிற தொகை) விழுந்தது என்பதைப் பாஸ்புக்கைப் பார்க்காமலே சொல்வார். அவரை நிறுத்தியது பயம்தான். போன பணம் வராது என்ற பயம், தப்பாக அமுக்கிவிட்டால் யாரிடம் போய்க் கேட்பது என்ற பயம். மனித மனத்தைப் பற்றி டிசைனர்கள் படிக்கிற எல்லாவற்றையும் நான் அன்றைக்கு அப்புறம் இந்தப் பயத்தின் வழியாகத்தான் பார்க்கிறேன். நீங்கள் செய்வது ஆப்பாக இருக்கலாம், இணையதளமாக இருக்கலாம், கவுன்ட்டரில் நீட்டுகிற காகிதப் படிவமாகக்கூட இருக்கலாம், கீழே சொல்வது மூன்றுக்கும் பொருந்தும்.

முதலில் பக்கத்தில் உட்காருங்கள்

திரையை வரைவதற்கு முன்னாலும் வரைந்த பின்னாலும் செய்யவேண்டிய வேலை இது ஒன்றுதான். நாலைந்து பேர் போதும். ஒரே திரையை ஐந்து பேர் பயன்படுத்துவதைப் பார்த்தாலே பெரிய சிக்கல்களில் பெரும்பாலானவை வெளியே வந்துவிடும் என்பது பயன்பாட்டு ஆய்வாளர் ஜேக்கப் நீல்சன் பல வருடங்களாகச் சொல்லிவருவது, என் அனுபவமும் அதுதான். ஆனால் அந்த ஐந்து பேரும் உங்கள் ஆபீஸ்காரர்களாக இருக்கக்கூடாது.

வேலையைச் சொல்லும்போது பட்டனில் இருக்கும் வார்த்தையைச் சொல்லிவிடாதீர்கள். "தவணை செலுத்து என்பதை அழுத்துங்கள்" என்றால் அவர் அந்த எழுத்தைத் தேடிப்பிடித்து அமுக்குவார், உங்களுக்கு ஒன்றும் தெரியவராது. "இந்த மாசச் சீட்டுப் பணத்தைக் கட்டுங்க" என்று சொல்லிவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். இதுதான் கஷ்டம். அவர் தடுமாறும்போது கை தானாக நீளும், "இங்க பாருங்க" என்று வாய் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். விரல் எங்கே நிற்கிறது, எதை வாய்விட்டுப் படிக்கிறார், எந்த இடத்தில் திரையை விட்டுவிட்டு உங்கள் முகத்தைப் பார்க்கிறார், இந்த மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். முகத்தைப் பார்க்கிற இடத்தில்தான் உங்கள் திரை கைவிட்டிருக்கிறது, ஏனென்றால் வீட்டில் தனியாக இருக்கும்போது அவருக்குப் பார்க்க ஒரு முகம் இருக்காது.

"எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்று யாராவது சொன்னால் அந்த வரியைத் தேதியோடு எழுதி வையுங்கள். மனிதர்கள் பொருளின் குறையைத் தங்கள் குறையாக எடுத்துக்கொள்வார்கள். அதனால்தான் புகாரே வராத ஆப் நல்ல ஆப் என்று நினைக்கக்கூடாது. பலர் புகார் சொல்லாமல் பேரனிடம் போனைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஞாபகத்தை நம்பாதீர்கள்

உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதிய கட்டுரையிலிருந்து "ஏழு, கூட்டிக் குறைத்து இரண்டு" என்ற எண் புகழ்பெற்றது. ஒரு மனிதர் ஒரே நேரத்தில் மனத்தில் பிடித்துவைத்துக்கொள்ளக்கூடிய தகவல் துண்டுகளின் அளவு அது. 2001-இல் நெல்சன் கோவன் அதை மறுபடி ஆராய்ந்து நான்கு என்று குறைத்தார். இதை வைத்துக்கொண்டு மெனுவில் ஏழுக்கு மேல் எதுவும் இருக்கக்கூடாது என்று சிலர் சொல்வார்கள். அது தவறான புரிதல். மெனு கண்ணுக்கு முன்னால் இருக்கிறது, அதை யாரும் மனப்பாடம் செய்யப்போவதில்லை. இந்த எண் வேலை செய்வது ஒரு திரையில் பார்த்ததை இன்னொரு திரையில் எழுதவேண்டிய இடத்தில்.

ஓடிபி வரும் நேரத்தைக் கவனித்துப் பாருங்கள். செய்தி மேலே ஒரு கணம் எட்டிப் பார்க்கிறது. அத்தை "நாலு ஏழு ஏழு... நாலு ஏழு ஏழு ரெண்டு..." என்று முணுமுணுத்துக்கொண்டே கீழே எண்களைத் தேடுகிறார், அதற்குள் செய்தி மேலே போய்விடுகிறது, இந்தப் பக்கம் 30, 29, 28 என்று சிவப்பில் ஒரு கணக்கு இறங்கிக்கொண்டிருக்கிறது. ஆறு இலக்கத்தைப் பிடித்துவைக்கிற மனத்தை அந்தச் சிவப்பு எண்ணும் தன் பக்கம் இழுக்கிறது. நாங்கள் செய்தது மூன்று காரியம். போனே ஓடிபியை எடுத்து நிரப்பும்படி செய்தோம். அது நடக்காத போன்களில் செய்தியைப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாலும் அதே இடம் அப்படியே இருக்கும்படி செய்தோம். சிவப்புக் கணக்கை எடுத்துவிட்டு, நேரம் முடிந்த பின் மட்டும் "மறுபடி அனுப்பவா?" என்று கேட்டோம்.

நீளமான எண்ணைக் கேட்டே ஆகவேண்டும் என்றால் உடைத்துக் காட்டுங்கள். ஆதாரின் 12 இலக்கங்களும் அட்டையில் நான்கு நான்காகத்தான் அச்சாகியிருக்கின்றன, அதனால்தான் அதை வாசிக்க முடிகிறது. எங்கள் பழைய திரையில் உறுப்பினர் எண் என்று ஒரு நீண்ட எண்ணை ஒரே மூச்சில் கேட்டோம், நடுவில் இடைவெளி விட்டு எழுதினால் "தவறான எண்" என்றும் சொன்னோம். இடைவெளியை நீக்கிக்கொள்வது கணினிக்கு ஒரு வரி வேலை, அதை ஏன் மனிதர் தலையில் கட்டவேண்டும்? கடைசியில் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டோம். போன் எண் தெரிந்தால் அவருடைய சீட்டுகள் நமக்கே தெரியும், பட்டியலாகக் காட்டிவிடலாம், அவர் தன்னுடையதைப் பார்த்துத் தொட்டால் போதும். நினைவிலிருந்து எடுப்பதைவிடப் பார்த்து அடையாளம் காண்பது எந்த வயதிலும் சுலபம்.

ஏற்கெனவே இருக்கிற பழக்கத்தின் மேல் கட்டுங்கள்

புது வீட்டுக்குக் குடிபோனால் ஸ்விட்ச் போர்டில் எட்டு ஸ்விட்ச் வரிசையாக இருக்கும், எது ஃபேன் என்று தெரியாது, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்ப்போம். பல வருடம் குடியிருந்த பின்பும் வராந்தா விளக்குக்கு இரண்டு ஸ்விட்சைத் தட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். ஸ்விட்சின் வரிசைக்கும் அறையில் விளக்கு இருக்கும் இடத்துக்கும் சம்பந்தமே இல்லை என்பதுதான் காரணம். திரையிலும் இதேதான். மனத்தில் ஏற்கெனவே ஒரு வரைபடம் இருக்கும், நம் திரை அதோடு ஒத்துப்போகவேண்டும்.

சீட்டு கட்டுகிறவர் மனத்தில் இருக்கும் வரைபடம் பாஸ்புக். எத்தனாவது மாதம், தவணை எவ்வளவு, கழிவு எவ்வளவு, கட்டியது எவ்வளவு, கையெழுத்து. நாங்கள் முதல் பக்கத்தில் வட்டப் படம், பச்சைக் கோடு, "உங்கள் சேமிப்புப் பயணம்" என்றெல்லாம் வைத்திருந்தோம். எடுத்துவிட்டுப் பாஸ்புக் பக்கத்தையே வைத்தோம். இன்னொரு விஷயம், ஏலச்சீட்டில் கட்டவேண்டிய தொகை மாதத்துக்கு மாதம் மாறும், ஏலத்தில் விட்டுக்கொடுத்த பணம் எல்லோருக்கும் பிரிந்து கழிவாகக் கழியும். அதனால்தான் அத்தை தொகையைக் கேட்டார்! "தவணை 5,000, கழிவு 650, கட்டவேண்டியது 4,350" என்று மூன்று வரியாகப் போட்ட பிறகு அந்தக் கேள்வியே வருவதில்லை. கணக்கு கண்ணுக்குத் தெரிந்தால் பயம் பாதி இறங்கிவிடும்.

பழக்கத்துக்கு இன்னொரு முகமும் உண்டு, அங்கே கவனமாக இருக்கவேண்டும். 2016-இல் யூபிஐ வந்ததிலிருந்து கைகள் ஒரு வரிசையைக் கற்றுக்கொண்டுவிட்டன: தொகை, பெயர், ரகசிய எண்ணான பின் (PIN), முடிந்தது. "உங்களுக்குப் பணம் வருகிறது, பின் போடுங்கள்" என்று சொல்லி ஏமாற்றியவர்கள் இந்தப் பழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். பின் போட்டால் பணம் போகும், வராது, ஆனால் வேலை செய்வது கையின் பழக்கம், நிதானித்து யோசிக்கிற மனம் அங்கே இல்லை. அவர்கள் பயன்படுத்திய, ஒருவர் இன்னொருவரிடம் பணம் கேட்டுக் கோரிக்கை அனுப்பும் யூபிஐ வசதியையே 2025 அக்டோபரில் நிறுத்திவிட்டார்கள். எங்கள் ஆப்பில் ஏலம் எடுத்தவருக்குப் பணம் வரும் திரையும் தவணை கட்டும் திரையும் முதலில் ஒரே அச்சில் இருந்தன. பிரித்தோம். நிறம் வேறு, அம்புக்குறியின் திசை வேறு, "உங்கள் கணக்குக்கு வருகிறது, பின் தேவையில்லை" என்ற வரி பெரிய எழுத்தில். பணத்தின் திசையை எப்போதும் வார்த்தையால் சொல்லுங்கள், நிறத்தை மட்டும் நம்பாதீர்கள், சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியாதவர்கள் நிறையப் பேர்.

தேர்வுகள், முன்னாலேயே நிரப்பியவை

தேர்வுகள் கூடினால் முடிவெடுக்க நேரம் கூடும் என்பது 1950-களிலேயே வில்லியம் ஹிக்கும் ரே ஹைமனும் அளந்து காட்டியது. 24 வகை ஜாம் வைத்தபோது வாங்கியவர்களைவிட 6 வகை வைத்தபோது வாங்கியவர்கள் அதிகம் என்ற 2000-ஆம் ஆண்டு ஆய்வை எல்லா மீட்டிங்கிலும் யாராவது சொல்வார்கள். ஆனால் இதுபோன்ற பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தவர்கள் 2010-இல் சராசரி விளைவு ஏறத்தாழ பூஜ்யம் என்று எழுதினார்கள். அதனால் கண்ணை மூடிக்கொண்டு வெட்டாதீர்கள். இந்த மாதம் கட்ட வந்தவருக்குக் கட்டும் பட்டன் முதலில் தெரிகிறதா என்று மட்டும் பாருங்கள், மற்றவை கீழே இருந்துவிட்டுப் போகட்டும்.

முன்னாலேயே டிக் போட்டு வைப்பதில்தான் உண்மையான பலம் இருக்கிறது. உறுப்பு தானம் பற்றி ஜான்சனும் கோல்ட்ஸ்டைனும் 2003-இல் வெளியிட்ட ஒப்பீட்டில், விருப்பம் இருந்தால் பதிவு செய்யவேண்டும் என்ற முறை இருந்த ஜெர்மனியில் சம்மதம் 12 சதவீதம். வேண்டாம் என்றால்தான் சொல்லவேண்டும் என்ற முறை இருந்த ஆஸ்திரியாவில் கிட்டத்தட்ட எல்லோரும். படிவத்தில் எது ஏற்கெனவே நிரம்பியிருக்கிறதோ அதை மனிதர்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை. இவ்வளவு பலம் கையில் இருப்பதால், அத்தை நிதானமாக யோசித்தால் எதைத் தேர்ந்தெடுப்பாரோ அதை மட்டும் நிரப்பி வையுங்கள். இன்சூரன்ஸ் ஒன்றை டிக் போட்டு ஒளித்து வைப்பது, "இன்னும் 2 நிமிடம்தான்" என்று பொய்யாக அவசரப்படுத்துவது, வேண்டாம் என்கிற பட்டனில் "எனக்குச் சேமிக்கப் பிடிக்காது" என்று எழுதி வெட்கப்படுத்துவது, இதெல்லாமும் மனவியல்தான், ஆனால் எதிராளியை வீழ்த்தப் பயன்படுத்திய மனவியல். இந்தியாவில் 2023 நவம்பரில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் இப்படி 13 தந்திரங்களைப் பட்டியலிட்டுத் தடை செய்கின்றன. படித்து வைத்துக்கொள்ளுங்கள், மேலாளர் கேட்கும்போது "முடியாது" என்று சொல்ல ஒரு காகிதம் கையில் இருக்கும்.

விரலைப் பற்றி ஒரு வார்த்தை. பெரிதாகவும் பக்கத்திலும் இருப்பதை வேகமாகத் தொடலாம் என்பது பால் ஃபிட்ஸ் 1954-இல் சொன்னது. விரல் தொடும் இடத்துக்கு ஆண்ட்ராய்டு டிசைனில் கூகுள் சொல்லும் குறைந்தபட்ச அளவு 48 dp, ஆப்பிள் சொல்வது 44 pt, இவை அவரவர் திரை அலகு. அதற்குக் கீழே போகாதீர்கள், "நீக்கு" என்பதை "சேமி"யின் தோளில் ஒட்டி வைக்காதீர்கள்.

காத்திருக்கும் அந்த நொடிகள்

எனக்கு மிகவும் வருத்தம் தந்த இடம் இதுதான். ஒரு மாதம் அத்தை இரண்டு தடவை கட்டிவிட்டார். பட்டனை அமுக்கினார், திரையில் ஒன்றும் மாறவில்லை, நெட் மெதுவாக இருந்தது. அமுங்கவில்லை போல என்று மறுபடி அமுக்கினார். 8,700 ரூபாய் போய்விட்டது. திரும்பி வந்துவிட்டது என்றாலும் நடுவில் அவர் தூங்காத இரண்டு இரவுகளை நான் எப்படித் திருப்பித் தருவது?

பத்தில் ஒரு நொடிக்குள் பதில் வந்தால் மனம் அதை உடனடி என்று எடுத்துக்கொள்ளும். ஒரு நொடி வரை யோசனை அறுபடாது. பத்து நொடியைத் தாண்டினால் கவனம் வேறு எங்காவது போய்விடும். இந்த மூன்று எல்லைகளும் 1960-களிலிருந்தே தெரிந்தவை. வங்கியின் பதிலை நம்மால் வேகப்படுத்த முடியாது, ஆனால் பட்டன் அமுங்கியது என்பதைப் பத்தில் ஒரு நொடிக்குள் காட்ட முடியும். அமுக்கியவுடன் பட்டன் நிறம் மாறி, மறுபடி அமுங்காதபடி பூட்டிக்கொண்டு, "வங்கியின் பதிலுக்குக் காத்திருக்கிறோம். மறுபடி கட்ட வேண்டாம்" என்று சொல்லவேண்டும். வெறும் சுழலும் வட்டம் போதாது, அது நின்றுபோன ஆப்பிலும் சுழலும். கூடவே பின்னணியில் நிரல் (code) எழுதுகிறவர்களிடம் போய் உட்காருங்கள். ஒரே சீட்டுக்கு ஒரே மாதத்தில் இரண்டாவது தடவை வரும் கோரிக்கை, முதலாவது முடியும்வரை ஏற்கப்படக்கூடாது. திரையில் மட்டும் பூட்டினால் ஆப்பை மூடித் திறந்து மறுபடி கட்டுகிறவரைத் தடுக்க முடியாது.

கட்டணம் தோல்வி அடைந்தால் மனம் கேட்கும் ஒரே கேள்வி, என் பணம் எங்கே? "பிழை 504, பிறகு முயலவும்" என்பது அதற்குப் பதில் ஆகாது. "பணம் உங்கள் கணக்கிலிருந்து போகவில்லை" என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். கழிந்துவிட்டது, ஆனால் நமக்கு உறுதி வரவில்லை என்றால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கடைக்கோ நிறுவனத்துக்கோ யூபிஐயில் கட்டிய பணம் இப்படி நடுவில் நின்றுவிட்டால் 5 நாட்களுக்குள் திரும்பவேண்டும், தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி 2019-இல் விதித்திருக்கிறது. அந்த 5 நாளைத் தேதியாக மாற்றித் திரையில் போடுங்கள். "விரைவில்" என்ற சொல் யாரையும் தூங்க வைக்காது, தேதி வைக்கும்.

வேலை முடிந்த பிறகு வருவதை மனம் விட்டுவிடும்

ஏடிஎம்மில் பணத்தை எடுத்துக்கொண்டு கார்டை விட்டுவிட்டு வந்தவர்கள் ஏராளம். வந்த நோக்கம் பணம், அது கைக்கு வந்ததும் மனம் வேலையை முடித்துவிடுகிறது, பாக்கி இருக்கும் ஒரு படி நினைவில் நிற்பதில்லை. பைர்னும் போவேரும் 1997-இல் இந்த வகைத் தவறை ஆய்வு செய்து எழுதியிருக்கிறார்கள். பல இயந்திரங்களில் செய்த தீர்வு வரிசையை மாற்றியதுதான், கார்டு முதலில் வெளியே வரும், அப்புறம்தான் பணம். "கார்டை மறக்காதீர்கள்" என்று ஸ்டிக்கர் ஒட்டுவதைவிட இது பல மடங்கு மேல்.

இதை உங்கள் திரையில் தேடுங்கள். எங்களிடம் "ரசீதைப் பதிவிறக்கு" என்ற பட்டன் பணம் கட்டிய பிறகு வந்தது. பலர் அதற்குள் ஆப்பை மூடிவிடுவார்கள், மாதக் கடைசியில் ரசீது கேட்டு போன் வரும். இப்போது ரசீது தானாக வாட்ஸ்அப்புக்குப் போகிறது, பட்டனே இல்லை. "உறுதியாகத்தானா?" என்று கேட்கும் பெட்டியும் இப்படித்தான், நாலு தடவை கேட்டால் ஐந்தாவது தடவை கை படிக்காமலே "ஆம்" அமுக்கும். திரும்பப் பெறக்கூடிய செயலாக இருந்தால் கேட்காமல் செய்துவிட்டு, திரும்பப் பெறும் வழியைக் காட்டுங்கள். பணம் மாதிரித் திரும்பாததாக இருந்தால் மட்டும் கேளுங்கள், அப்போதும் பெயரையும் தொகையையும் சொல்லிக் கேளுங்கள்.

வார்த்தை யாருடையது?

தமிழில் திரை செய்கிறவர்கள் இதை யோசிக்காமல் நகரக்கூடாது. "சமர்ப்பி" என்ற சொல்லை அத்தை கோவிலில்தான் கேட்டிருக்கிறார். சீட்டு ஆபீசில் போய் அரை நாள் உட்கார்ந்து காதைத் திறந்து வைத்திருந்தேன். "நிலுவை" என்று ஒருவரும் சொல்லவில்லை, "பாக்கி" என்றார்கள். "செலுத்து" இல்லை, "கட்டு". ஆனால் பட்டனில் "கட்டு" என்று எழுதினால் இன்னொரு சிக்கல், அறுபது வயதுக்காரரைப் பார்த்து ஒருமையில் ஏவுகிற மாதிரி இருக்கிறது. "கட்டவும்" என்றால் நோட்டீஸ் போர்டு மாதிரி. கடைசியில் "4,350 ரூபாய் கட்டுகிறேன்" என்று வைத்தோம். பட்டனை அமுக்குகிறவர் அவர், அதனால் அந்தக் குரலும் அவருடையது. ஆப் அவரிடம் பேசும் இடங்களில் எல்லாம் "ங்கள்" சேர்த்த மரியாதை. தொகை பட்டனிலேயே இருப்பதால் மூலையில் போய்த் தேடவேண்டியதும் இல்லை.

இடத்தையும் பாருங்கள். ஆங்கிலத்துக்கு வரைந்த பட்டனில் தமிழ்ச் சொல் அடங்காது, பாதியில் மூன்று புள்ளியாக அறுந்துபோகும். வரிகளுக்கு நடுவே இடம் குறைந்தால் "கீ"யின் மேல்சுழியும் "கு"வின் வாலும் வெட்டுப்படும். போனில் எழுத்தைப் பெரிதாக வைத்திருப்பவர்களின் போனை வாங்கி அதிலேயே சோதியுங்கள், உங்களுடையதில் வேண்டாம்.

கடைசித் திரை

ஒரு அனுபவத்தை மனம் சராசரியாக நினைவில் வைப்பதில்லை, அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்துக்கொள்கிறது. உளவியலாளர் டேனியல் கானெமனும் அவரோடு இருந்தவர்களும் 1993-இல் ஒரு சோதனை செய்தார்கள். குளிர்ந்த தண்ணீரில் கையை 60 நொடி வைப்பது ஒரு தடவை, அதே 60 நொடியோடு சற்றே குளிர் குறைந்த தண்ணீரில் இன்னும் 30 நொடி வைப்பது இன்னொரு தடவை. மறுபடி எதைச் செய்வீர்கள் என்று கேட்டபோது பெரும்பாலோர் நீளமானதைத் தேர்ந்தெடுத்தார்கள், அதன் முடிவு இதமாக இருந்ததால்.

எங்கள் முடிவுத் திரையில் பச்சை டிக், பறக்கும் காகிதத் துண்டுகள், "வாழ்த்துகள்!" எல்லாம் இருந்தன. அத்தை அதைப் பார்த்துவிட்டு, "சரி, பாஸ்புக்ல ஏறிடுச்சா?" என்று கேட்டார். அடுத்த மாதம் அந்தத் திரையை எடுத்துவிட்டுப் பாஸ்புக் பக்கத்தையே காட்டினோம். 11-ஆவது மாதத்துக்கான வரி காலியாக இருந்தது, ஒரு நொடியில் தேதியும் 4,350-மும் அதில் வந்து நின்றன, ஓரத்தில் வாங்கியவர் பெயர். அத்தை விரலால் அந்த வரியைத் தடவிப் பார்த்தார். "ம், ஏறிடுச்சு" என்று சொல்லிவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனார்.